கடற்காற்று படும் ஜன்னலுக்கு எந்த ஸ்க்ரூ?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட இரவு. காற்றில் அடித்துக்கொண்டிருந்த கிழக்குப் பக்கத்து ஜன்னல் கதவைச் சாத்தப் போனேன். கதவு கையோடு வந்துவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் முப்பது வருடத் தேக்கு அப்படியே இருக்கிறது. பித்தளைக் கீல் பச்சை பூத்திருந்தாலும் கெட்டியாக இருக்கிறது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த ஆறு ஸ்க்ரூக்கள்தான் இல்லை. தலைகள் மட்டும் கீலின் குழிகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் சுரண்டியதும் பிஸ்கட் தூளாக உதிர்ந்தன.

அந்த ஸ்க்ரூக்களை மாட்டச் சொன்னது நான்தான். ஐந்தாறு வருடத்துக்கு முன் கீலைக் கழற்றி மாட்டியபோது கடையில் பித்தளை ஸ்க்ரூ இல்லை. "இதைப் போட்டுக்குங்க சார், துருவே புடிக்காது" என்று வெள்ளையாகப் பளபளத்த ஒரு பாக்கெட்டை நீட்டினார்கள். வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். பளபளப்பைப் பார்த்து வாங்கி வந்தேன்.

அதன்பிறகு வீட்டின் பதினொரு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து மாட்டினோம். நான் எடுபிடி, வேலை எல்லாம் எங்கள் ஆசாரி. அதில் கற்றதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற "துருப்பிடிக்காத ஸ்க்ரூ" என்று ஒன்று கிடையாது. அது எந்த உலோகத்தைத் தொடுகிறது, எந்த மரத்துக்குள் போகிறது, அதன்மேல் எவ்வளவு உப்பு படிகிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

படி 1: செத்த ஸ்க்ரூவை முதலில் பாருங்கள்

பழைய ஸ்க்ரூவைத் தூக்கி எறியாதீர்கள். எதனால் செத்தது என்று அதன் நிறமே சொல்லும்.

தலையில் மாவு பூசியதுபோல் வெள்ளைத் தூள் இருந்து, அங்கங்கே செம்புள்ளி தெரிந்தால் அது துத்தநாக முலாம் பூசிய இரும்பு. முலாம் கரைந்து முடியப் போகிறது. முழுக்கச் செந்துருவாக இருந்தால் முலாம் எப்போதோ போய்விட்டது. அலுமினிய ஃப்ரேமில் ஸ்க்ரூ நன்றாக இருந்து, அதைச் சுற்றி அலுமினியம் மட்டும் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் இரண்டு உலோகங்களுக்குள் சண்டை என்று அர்த்தம். தேக்கில் ஸ்க்ரூவைச் சுற்றி நீலமும் கருப்புமாகக் கறை இறங்கியிருந்தால் மரத்தின் சாறும் இரும்பும் கலந்திருக்கின்றன. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய பழைய எழுத்து மையின் ரசாயனம்தான் இது. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் மரங்களிலும் கூடக் குறைய உண்டு. கருவேலம்பட்டையில் ஏராளம்; தோல் பதனிடவே அதைப் பயன்படுத்தினார்கள். தேக்கின் மேல் இரும்பு பட்டு ஈரமானாலும் கறை வரும். இந்தக் கறையை வெளுக்கப் பார்ப்பதைவிட இரும்பை வெளியேற்றுவதுதான் வைத்தியம்.

இன்னொரு விஷயம். துரு தான் பிறந்த இரும்பைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். மழைக்காலத்தில் ஜன்னல் இறுகுவதற்கு மரம் ஊதுவதுதான் காரணம் என்று நினைப்போம். பல சமயம் கீலின் பின்னால் ஸ்க்ரூ ஊதி, மரத்தைப் பிளந்து, கீலைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

படி 2: எது எதைத் தின்னும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, மேலே உப்பு ஈரமும் படிந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. ஒன்று கரையும், மற்றது பிழைக்கும். யார் யாருக்காகக் கரைவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு: துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதில் முன்னால் நிற்பது பின்னால் நிற்பதற்காகக் கரைந்துபோகும்.

வேகத்தைத் தீர்மானிப்பது அளவு. கரைவது சின்னதாகவும் பிழைப்பது பெரிதாகவும் இருந்தால் அழிவு படுவேகம். பெரிய பித்தளைக் கீலில் சின்ன இரும்பு ஸ்க்ரூ போட்டால் மொத்தக் கீலின் பசியும் அந்த ஒரு ஸ்க்ரூவின் கழுத்தில் விழும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அதே இரும்பு ஸ்க்ரூ இரும்புக் கீலில் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். தலைகீழாக, கரைவது பெரிதாகவும் பிழைப்பது சின்னதாகவும் இருந்தால் கவலை குறைவு. பெரிய இரும்புக் கீலில் நாலு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ இருப்பதால் கீல் சட்டென்று அழிந்துவிடாது.

ஆகவே, ஸ்க்ரூ அது பிடித்திருக்கும் சாமானுக்குச் சமமாகவோ, வரிசையில் அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும். ஒருபோதும் முன்னால் இருக்கக் கூடாது. பித்தளைக் கீலுக்குப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். இரும்புக் கீலுக்கு ஸ்டெயின்லெஸ். ஸ்டெயின்லெஸ் கீலுக்கு ஸ்டெயின்லெஸ் மட்டும்.

விதிவிலக்கு அலுமினியம். கணக்குப்படி பித்தளை ஸ்க்ரூ அதற்குச் சரிப்பட வேண்டும், ஆனால் போடவே கூடாது. பித்தளையில் இருக்கும் செம்பு மழைநீரில் துளித்துளியாகக் கரைந்து அலுமினியத்தின் மேல் படிந்து ஊசிக் குழிகள் போடும். அலுமினியத்துக்கு ஸ்டெயின்லெஸ்தான், அதுவும் நடுவில் ஏதாவது ஒரு தடுப்போடு. தடுப்பைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

படி 3: கடையில் என்னென்ன இருக்கிறது

கருப்பு ஸ்க்ரூ. ஜிப்சம் போர்டுக்காக வந்தது, இன்று எல்லா வேலைக்கும் ஓடுகிறது. கருப்பு நிறம் பாஸ்பேட் பூச்சு. ஈரம் பட்டால் தாங்காது. கெட்டிப்படுத்திய எஃகு என்பதால் வளையாமல் பட்டென்று கழுத்து முறியும். ஃபால்ஸ் சீலிங்குக்குச் சரி, ஜன்னலுக்கு வேண்டாம். ஆசாரிகள் பையில் எப்போதும் இருப்பதும் இதுதான், கவனம்.

வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னும் துத்தநாக முலாம் ஸ்க்ரூ. கடைக்காரர் இதை "ஜி.ஐ." என்றுகூடச் சொல்லக்கூடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த அசல் ஜி.ஐ. பூச்சு தடிமனாக, மங்கலாக இருக்கும். ஸ்க்ரூவில் நாம் பார்க்கும் பளபளப்பு மின்முலாம். அதன் தடிமன் சாதாரணமாக 5 முதல் 12 மைக்ரான்தான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). திருப்புளி வழுக்கிய இடத்தில் அதுவும் போய்விடும். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ வீட்டுக்கு உள்பக்கக் கொக்கிக்கு இது போதும். கடலோரத்தில் வெளிப்பக்கத்துக்கு ஆகாது.

பித்தளை. தேக்குக்கும் பித்தளைக் கீலுக்கும் காலங்காலமாகப் பொருந்திய ஜோடி. கறை இறங்காது. மென்மையான உலோகம் என்பதுதான் குறை. முரட்டுத்தனமாகத் திருகினால் தலை அறுந்து கையில் வரும்.

பிறகு "எஸ்.எஸ்.", அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பலரும் ஏமாறுவது இங்கேதான். எஸ்.எஸ். என்பது ஒரு குடும்பப் பெயர். குரோமியம் 10.5 சதவீதத்துக்குமேல் இருக்கும் எஃகு எல்லாமே அந்தக் குடும்பம். நமக்குச் சந்தையில் எதிர்ப்படுவது நான்கு பேர்.

304: சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். நல்ல சமையல் பாத்திரங்களின் அடியில் 18/8 என்று போட்டிருப்பது இதைத்தான். 316: இதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தது, உப்பை எதிர்க்கும் பலம் அதிலிருந்து வருகிறது. 202: விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்தது. பார்வைக்கு 304 மாதிரியே இருக்கும், கடற்காற்றில் சீக்கிரம் பழுப்பேறும். 410: நிக்கல் கிடையாது, கெட்டிப்படுத்தலாம். தானே துளையிட்டுக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூக்கள் பல இந்த ரகம். அலுமினிய வேலைக்காரர்களுக்கு வேகம் பிடிக்கும், அதனால் இதைப் போடுவார்கள். கடலோரத்தில் இதுவும் துருப்பிடிக்கும். துளையைத் தனியாக டிரில்லால் போட்டுவிட்டு 304 ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

படி 4: உங்கள் ஜன்னலில் எவ்வளவு உப்பு

கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. அலை உடையும் கரை எவ்வளவு பக்கம், நடுவில் கட்டடம் மறைக்கிறதா, ஜன்னல் எந்தத் திசை என்பதும் சேர வேண்டும். சென்னையில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னலின் ஸ்க்ரூ போன வேகத்தில் மேற்கு ஜன்னலின் ஸ்க்ரூ போகவில்லை, இத்தனைக்கும் இரண்டும் ஒரே பாக்கெட். தூத்துக்குடியில் உப்பளத்துப் பக்கம் இருப்பவர்களுக்குத் திசைக்கணக்கு வேறாகும்.

நம்பச் சிரமமான ஒன்று: மழை ஸ்க்ரூவுக்கு நண்பன். படிந்த உப்பை அது கழுவிவிடும். சன்ஷேடுக்குக் கீழே மழை படாமல், காற்று மட்டும் பட்டுக்கொண்டிருக்கும் ஸ்க்ரூதான் முதலில் பழுப்பேறும். நம் ஜன்னல்களில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கின்றன.

என் கணக்கு இது. கடல் கண்ணுக்குத் தெரிகிற வீடு, கடற்கரையிலிருந்து முதல் சில தெருக்கள் என்றால் வெளிப்பக்க ஸ்க்ரூக்களுக்கு 316. அதைத் தாண்டி, காற்றில் உப்பு நாக்குக்குத் தெரிகிற பகுதி எல்லாம் 304. உள்நாட்டில் வெளிப்பக்கத்துக்கு 304 இருந்தால் நிம்மதி, உள்பக்கத்துக்கு முலாம் போதும். சில்லறைக் கடையில் 316 மர ஸ்க்ரூ கேட்டால் முழிப்பார்கள். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் தெருக்களில் விசாரிக்கலாம், இணையத்திலும் வாங்கலாம்.

கடல் இல்லாத ஊரிலும் ஒரு ஜன்னல் கடலோர ஜன்னலாக இருக்கும்: குளியலறை வென்டிலேட்டர். டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றுகிறோமே, அதன் புகை மேலே ஏறி ஸ்க்ரூவில் படியும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு முன் 304கூட நிற்காது. என் தம்பி வீடு மதுரையில். புது 304 ஸ்க்ரூ ஆறே மாதத்தில் பழுப்பேறிவிட்டது என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தான். ஸ்க்ரூவை மாற்ற வேண்டாம், ஆசிட்டை மாற்று என்றேன்.

படி 5: வாங்கும்போது

"எஸ்.எஸ். குடுங்க" என்று கேட்காதீர்கள். "304 குடுங்க, டப்பாவைக் காட்டுங்க" என்று கேளுங்கள். டப்பாவில் 304 என்றோ ஏ2 என்றோ இருக்க வேண்டும். ஏ4 என்றால் 316. எஸ்.எஸ். என்று மட்டும் அச்சடித்திருந்தால் 202 என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பது பாதிதான் உதவும். பட்டென்று ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு அல்லது 410. ஒட்டாவிட்டால் 304 என்று முடிவு கட்ட முடியாது, 202-ம் ஒட்டாது. அசல் 304 ஸ்க்ரூவே தலை அடித்து மரை உருட்டும்போது கொஞ்சம் காந்தம் ஏறி, லேசாக இழுக்கும். லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம். ஸ்டீல் பட்டறை வைத்திருக்கும் நண்பர் இருந்தால் கிரேடு பார்க்கும் சொட்டுத் திரவம் வைத்திருப்பார்; ஒரு துளியில் 202-ஐப் பிடித்துவிடலாம்.

எனக்கு அப்படி யாரும் இல்லை. இரண்டு கடையில் பத்துப் பத்து ஸ்க்ரூ வாங்கி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் தனித்தனியாக முடிந்து பால்கனியில் போட்டேன். காயக் காய நனைத்தேன். மூன்றாம் வாரம் பிரித்தால் ஒரு முடிச்சில் தலைப் பிளவுகளில் எல்லாம் பழுப்புப் பொட்டு, மற்றதில் ஒன்றுமில்லை. இது ஆய்வுக்கூடச் சோதனை அல்ல. எந்தக் கடைக்குத் திரும்பப் போவது என்று முடிவெடுக்க எனக்குப் போதுமாக இருந்தது.

அளவு: பழைய ஸ்க்ரூவையும் கீலையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்கணக்கில் 8×25 என்றால் 8 நம்பர் தடிமன், 25 மில்லிமீட்டர் நீளம். 6 நம்பர் சுமார் 3.5 மி.மீ., 8 நம்பர் 4.2, 10 நம்பர் 4.8. கீலுக்குத் தலை தட்டையான சி.எஸ்.கே. (கவுன்டர்சங்க், தலை குழிக்குள் அடங்கும்) ரகம். ஸ்க்ரூவைக் கீலின் துளையில் கடையிலேயே போட்டுத் தடவிப் பாருங்கள். தலை கீலோடு சமமாக உட்கார வேண்டும். முடியளவு துருத்தினாலும் ஜன்னல் சாத்தாது. நீளம் கதவுக் கட்டையின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டாம்.

படி 6: பழையதைக் கழற்றுவது

மாடி ஜன்னல் என்றால் முதலில் கதவை ஒரு கயிற்றால் கிரில்லோடு கட்டுங்கள். கீல் நன்றாக இருந்தால் கதவையே கழற்ற வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்து புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

இறுகிய ஸ்க்ரூவை நேரே கழற்றப் பார்க்காதீர்கள். பிளவில் இருக்கும் பெயிண்டை ஊசியால் சுரண்டிவிட்டு, திருப்புளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகு ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் திருகி, அதன்பின் கழற்றும் பக்கம். அசையாவிட்டால் சூடான சால்டரிங் அயர்னைத் தலையில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு ஆறியதும் முயலுங்கள். துருவின் பிடி விடும். தலையின் பிளவு மழுங்கியிருந்தால் ஹாக்ஸா பிளேடால் புதிதாக ஒன்று அறுத்துக்கொள்ளலாம்.

கழுத்து முறிந்து உடல் மரத்துக்குள் இருந்தால்? நான் டிரில்லைத் தூக்கினேன். ஆசாரி கையைப் பிடித்துக்கொண்டார். "நோண்டுனீங்கன்னா நல்ல தேக்கும் போயிடும் சார். கீலை அரை இஞ்ச் மேல ஏத்திக்கலாம் விடுங்க." உள்ளே இருப்பது ஈரம் கண்டால் இன்னும் ஊதும். அதனால் பழைய துளையை நன்றாகக் காயவிட்டு எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு கீலை ஏற்றினோம்.

தளர்ந்துபோன துளைக்குத் தீக்குச்சி சொருகுவது எல்லோர் வீட்டிலும் நடக்கும். திரைச்சீலைக் கம்பிக்கு அது தாங்கும், கீலுக்குத் தாங்காது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவி, தேக்கிலேயே சீவிய குச்சியை அடித்து ஏற்றி, ஒரு நாள் விட்டுப் புதுத் துளை போட வேண்டும்.

படி 7: மாட்டுவது

தேக்கில் 8 நம்பருக்கு 3 மி.மீ. துளை, 6 நம்பருக்கு 2.5. துளையில்லாமல் ஏற்றினால் ஸ்டெயின்லெஸ் மரை சூடாகி முறியும், அல்லது மரம் விரியும். பித்தளைக்கு இன்னும் ஒரு படி உண்டு: அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் திருகி மரை வெட்டிவிட்டு, அதை எடுத்த பிறகு பித்தளையைப் போடுவது. மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சோப்பு தேய்ப்பவர்கள் உண்டு. சோப்பு ஈரத்தை இழுத்து வைக்கும், மெழுகுதான் நல்லது.

கடைசிச் சுற்றுகளை மெஷினால் முடிக்காமல் கையால் முடியுங்கள். துருப்பிடித்த பிட்டால் ஸ்டெயின்லெஸ் தலையைத் தொடாதீர்கள். பிட்டின் இரும்புப் பொடி தலையில் ஒட்டி, அடுத்த வாரம் "எஸ்.எஸ்.கூடத் துருப்பிடிக்குது பாரு" என்று சொல்ல வைக்கும். இரும்பு பிரஷ்ஷால் தேய்ப்பதும் இதே வம்பு.

அலுமினிய ஃப்ரேமில் மாட்டும்போது, ஸ்க்ரூவின் மரையிலும் தலைக்கு அடியிலும் கொஞ்சம் சிலிகோன் சீலன்ட் தடவி ஏற்றுங்கள். தலை வட்டமாக இருந்தால் நைலான் வாஷரும் போடலாம். நான் சொன்ன தடுப்பு இதுதான். சீலன்ட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிதுக்கினால் வினிகர் வாடை அடிக்கிற ரகம் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். முலாமையும் பித்தளையையும் அது அரிக்கும். டியூபில் நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள்.

யூபிவிசி ஜன்னலுக்குச் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் முலாம் பூசிய இரும்புப் பட்டியில்தான் ஸ்க்ரூ பிடிக்கிறது; பழையதன் அதே தடிமன், அதே நீளத்தில் 304 போடுங்கள். நீளம் கூடினால் தண்ணீர் வடியும் அறையைக் குத்திவிடும்.

மாட்டிய பிறகு

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கீல்களையும் ஸ்க்ரூத் தலைகளையும் துடைத்தால் போதும், சன்ஷேடுக்கு அடியில் இருப்பவற்றை முக்கியமாக. 304-ல் டீக்கறை மாதிரி பழுப்பு தெரிந்தால் பதற வேண்டாம். மேலோட்டமான கறைதான், துடைத்தால் பெரும்பாலும் போகும். இரும்புக் கிரில்லுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அதைப் பிடித்திருக்கும் ஸ்டெயின்லெஸ் தலைக்கும் சேர்த்து ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

மீந்த ஸ்க்ரூக்களை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, "304, 8×25, கிழக்கு ஜன்னல்" என்று எழுதி ஜன்னல் பக்கத்து அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். நான் வீட்டில் இல்லாத நாளில் யாராவது கீல் சரிபண்ண வந்தால் அவர் பையிலிருந்து கருப்பு ஸ்க்ரூ வெளியே வருமுன் அந்த டப்பா அவர் கண்ணில் பட வேண்டும்.